ப்ளீச் வாளியும் பள்ளிச் சூத்திரமும்: கரைசலை நீர்க்கச் செய்யும் கணக்கு

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் துப்புரவு வேலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ப்ளீச் பாட்டிலில் 5.25% சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கிறது. கிருமிநீக்கத்துக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) வேண்டும் என்கிறார்கள். அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளில் 1:49 என்று இருக்கிறது. தரை துடைக்கும் திரவத்தின் பாட்டிலிலோ 1:10 என்று போட்டிருக்கிறது. ஐந்து லிட்டர் வாளிக்கு எவ்வளவு ஊற்றுவது? 1:10 என்றால் தண்ணீர் ஒன்பது பங்கா, பத்துப் பங்கா? உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா மகள் ‘சி1வி1 = சி2வி2’ என்று ஒரு சூத்திரம் சொல்கிறாளாம். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

தம்பி, முதலில் வேலைக்கு வேண்டிய விடையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து லிட்டர் கரைசலுக்கு 100 மி.லி. ப்ளீச், மீதி 4.9 லிட்டர் தண்ணீர். சுவரில் இருக்கும் 1:49 சரிதான், அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். 1:10 விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன். அக்கா மகள் சொல்வதும் இதே கணக்குதான்.

இனி, ஏன் அப்படி என்று பார்ப்போம். ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு பாட்டில் வந்தாலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நீர்க்கச் செய்யும்போது எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காப்பிக் கடையில் ‘தே’ ரொம்பக் கடுப்பாக இருந்தால் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றித் தரச் சொல்கிறோம். கோப்பையில் இருந்த சாயமும் சீனியும் அப்படியேதான் இருக்கின்றன, மொத்த அளவுதான் கூடியது. கரைசல் எதுவானாலும் இவ்வளவுதான் விஷயம். உள்ளே இருக்கும் பொருள் முன்பும் பின்பும் ஒன்றே. செறிவைக் கனஅளவால் பெருக்கினால் அந்தப் பொருளின் அளவு வரும். அதனால், முதல் செறிவு × எடுத்த அளவு = கடைசிச் செறிவு × கடைசி மொத்த அளவு. பள்ளியில் இதைத்தான் ‘சி1வி1 = சி2வி2’ என்று எழுதுகிறார்கள்.

பலரும் தடுமாறுவது சூத்திரத்தில் இல்லை. “எவ்வளவு தண்ணீர்?” என்ற கேள்வியோடு ஆரம்பிப்பதில்தான். தண்ணீரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். “என் வாளியில் கடைசியாக எவ்வளவு பொருள் இருக்க வேண்டும்? அது எத்தனை மில்லிலிட்டர் பாட்டில் திரவத்தில் இருக்கிறது?” இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் போதும், தண்ணீர் தானாக வந்துவிடும்.

உங்கள் வாளிக்கே போட்டுப் பார்ப்போம். தண்ணீரைப் பொறுத்தவரை 1 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம். 1000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம். ஐந்து லிட்டருக்கு 5 கிராம் குளோரின் வேண்டும். 5% பாட்டிலில் 100 மி.லி.யில் 5 கிராம் இருக்கிறது. ஆக, 100 மி.லி. எடுத்தால் வேலை முடிந்தது. சூத்திரம்கூட எழுதவில்லை, பாருங்கள். எழுதினாலும் இதேதான்: 1% என்பது 10,000 பிபிஎம், 5% என்பது 50,000 பிபிஎம். 5000 மி.லி.யை 1000-ஆல் பெருக்கி 50,000-ஆல் வகுத்தால் 100.

“பாட்டிலில் 5.25 என்று இருக்கிறதே, நீங்கள் 5 என்று போடுகிறீர்களே” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த 5.25% சோடியம் ஹைப்போகுளோரைட்டின் அளவு. கிருமிநீக்க வழிகாட்டிகளில் வரும் பிபிஎம் பெரும்பாலும் ‘கிடைக்கும் குளோரின்’ என்ற கணக்கில், அதாவது ஹைப்போகுளோரைட்டின் அளவை அதற்கு ஈடான குளோரினாக மாற்றிச் சொல்லும் கணக்கில், இருக்கும். ஹைப்போகுளோரைட்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 74.4, குளோரினுக்கு 70.9. 5.25-ஐ 70.9-ஆல் பெருக்கி 74.4-ஆல் வகுத்தால் 5.0 வரும். அதனால்தான் 5.25% பாட்டிலும் 1:49 தாளும் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. 50,000-ஐ 50 மடங்கு நீர்க்கச் செய்தால் 1000. கோவிட் நேரத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வழிகாட்டலில் வந்ததும் இந்த 1000 பிபிஎம்தான், உங்கள் தாள் அநேகமாக அந்தக் காலத்ததாக இருக்கும். இரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 5000 பிபிஎம் கேட்பார்கள். அதற்கு அதே பாட்டிலில் பத்து மடங்கு, அதாவது ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர்.

இப்போது அந்த 1:10. இதில் சண்டை வருவதற்குக் காரணம், இரண்டு கூட்டத்தார் ஒரே குறியை இரண்டு விதமாகப் படிப்பதுதான். ஆய்வகங்களில், குறிப்பாக நுண்ணுயிரியல், இரத்தப் பரிசோதனை பக்கம், 1:10 என்றால் மொத்தம் பத்துப் பங்கில் ஒரு பங்கு: 1 மி.லி. மாதிரி, 9 மி.லி. தண்ணீர். துப்புரவுத் திரவம், தோட்ட உரம், பழரசக் கரைசல் இவற்றின் பாட்டில்களில் 1:10 என்றால் பெரும்பாலும் ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் பதினொன்று. உங்கள் சுவர்த் தாளில் இருக்கும் 1:49-உம் இந்த இரண்டாவது வகைதான், மொத்தம் ஐம்பது. தரை துடைக்கும் திரவத்தின் பாட்டிலில் கீழே சின்ன எழுத்தில் “பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர்” என்றோ அளவுமூடிக் கணக்கோ எழுதியிருக்கும். அதைப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எங்கே இந்தக் குழப்பம் பெரிதாகக் கடிக்கும், எங்கே கடிக்காது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சமூகத் தோட்டத்தில் மீன் உரத்தை 1:500 என்று கலக்கச் சொன்னால் 500-ஆ 501-ஆ என்று யாரும் கவலைப்பட வேண்டாம், ஐந்து லிட்டர் பூவாளிக்கு 10 மி.லி. போதும். 1:10-இல் வித்தியாசம் ஒன்பது சதவீதம் அளவுக்கு வரும். 5% ப்ளீச் ஒரு வழியில் 0.5% ஆகும், மற்ற வழியில் 0.45% ஆகும். 1:4 என்றால் ஒருவர் கரைசல் 25%, இன்னொருவர் கரைசல் 20%. 1:1 என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருவர் சரிபாதி தண்ணீர் சேர்ப்பார், இன்னொருவர் கணக்குப்படி தண்ணீரே சேர்க்கக்கூடாது! எண் சிறியதாக ஆக ஆபத்து பெரிதாகும். அதனால் நான் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் புள்ளி வைத்த விகிதமாக எழுதுவதில்லை. “ஒரு பங்கு ப்ளீச் + 49 பங்கு தண்ணீர்” என்று கூட்டல் குறி போட்டு எழுதுவேன். இரண்டு விதமாகப் படிக்க வழியே இருக்காது.

உங்கள் குழுவில் தமிழ் படிப்பவர், வங்காளம் படிப்பவர், மலாய் படிப்பவர், மாண்டரின் படிப்பவர் எல்லாரும் இருப்பார்கள். அவர்களிடம் விகிதமே சொல்லாதீர்கள். அளவுருளையால் ஐந்து லிட்டர் தண்ணீரை ஒருமுறை அளந்து வாளியில் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேரே வெளியே அழியாத மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளையில் 100 மி.லி. அளந்து அதிலும் ஒரு கோடு. “குவளைக் கோடு வரை ப்ளீச், வாளிக் கோடு வரை தண்ணீர்.” இதற்கு எந்த மொழியும் வேண்டாம். கோடு போட்ட வாளியையும் குவளையையும் வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாட்டில் மூடியால் அளக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் மூடியும் ஒவ்வொரு அளவு.

கலக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் வாளியில் முக்கால் அளவு தண்ணீர், அப்புறம் ப்ளீச், அப்புறம் கோடு வரை தண்ணீர். ப்ளீச்சை முதலில் ஊற்றி மேலே குழாயைத் திறந்தால் அடர்த்தியான திரவம் முகத்தில் தெறிக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்துங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். சூட்டில் ஹைப்போகுளோரைட் சிதைந்துபோகும். கையுறை, கண்ணாடி போட வேண்டும், காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு ப்ளீச் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா இருக்கும் கண்ணாடித் துடைப்பான்களோடு சேர்ந்தால் குளோரமின் வாயு. சிங்கப்பூரில் கழிப்பறைகள் பெரும்பாலும் சின்னவை, கதவை மூடினால் காற்றே போகாது. அமிலம் ஊற்றிய தொட்டியைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவாமல் அதே இடத்தில் ப்ளீச் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உங்கள் ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பாட்டிலில் அச்சடித்த எண் தயாரித்த நாளுக்குரியது என்பதையும் மறக்கக்கூடாது. ஹைப்போகுளோரைட் தானாகவே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும் பொருள். பத்து டிகிரி வெப்பம் கூடினால் சிதையும் வேகம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். நம் ஊரில் குளிர்சாதனம் இல்லாத சாமான் அறை பகலில் பெரும்பாலும் முப்பது டிகிரியை ஒட்டியே இருக்கும், பின்மதியத்தில் இன்னும் ஏறும். செறிவு அதிகமாக இருந்தாலும் சிதைவு வேகம்தான். அதனால் 12% பெரிய கலனை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பது லாபம் போலத் தெரிந்தாலும் லாபமில்லை. சின்னப் பாட்டிலாக, புதிதாக, நிழலில் வைப்பதே நல்லது. கலந்த கரைசலையோ அன்றன்று கலந்து அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். வெளிச்சமும் அழுக்கும் அதன் குளோரினைத் தின்றுவிடும். அழுக்குத் தரையில் நேராக ஊற்றினால் பாதி குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து அலசிவிட்டு அப்புறம்தான் ப்ளீச்.

கலந்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குளோரின் சோதனைத் தாள் கிடைக்கிறது. வாங்கும்போது எத்தனை பிபிஎம் வரை காட்டும் என்று பாருங்கள். நீச்சல் குளத்துக்கான தாள் சில பிபிஎம் வரைதான் காட்டும், உங்கள் வாளியில் முக்கினால் நிறம் உச்சத்துக்குப் போய் நின்றுவிடும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதிக அளவு காட்டும் தாள் இல்லையென்றால் வாளிக் கரைசலில் ஒரு பங்கை எடுத்துத் தெரிந்த மடங்கு நீர்க்கச் செய்து, தாளில் வந்த எண்ணை அந்த மடங்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

சரி, வாளி போதும். உங்கள் அக்கா மகளுக்காக ஆய்வகப் பக்கம் போவோம். உயர்நிலைப் பள்ளித் தேர்வில் செறிவை ஒரு கன டெசிமீட்டருக்கு எத்தனை மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்று கேட்பார்கள். ஒரு கன டெசிமீட்டர் என்பது ஒரு லிட்டர்தான், 1000 கன சென்டிமீட்டர். பயப்பட ஒன்றும் இல்லை. அவள் கவனிக்க வேண்டியது ஒரே இடம். “2.0 மோல் செறிவுள்ள 50 கன செ.மீ. அமிலத்தை 0.5 மோலுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?” என்று கேட்டால், சூத்திரம் தரும் விடை 200. அது கடைசி மொத்த அளவு. சேர்க்க வேண்டிய தண்ணீர் 150. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட 200 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ‘மொத்தமாக ஆக்கு’ என்கிறார்களா, ‘சேர்’ என்கிறார்களா என்று வினாவைப் படிக்கும்போதே அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

அந்த ‘மொத்தமாக ஆக்கு’ என்பதற்கு வெறும் தேர்வுத் தந்திரத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. கனஅளவுகள் எப்போதும் நேராகக் கூடுவதில்லை. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. தண்ணீரும் சேர்த்தால் 100 வராது, 96 அல்லது 97-தான் வரும். இரண்டு மூலக்கூறுகளும் நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. 95% எத்தனாலிலிருந்து ஒரு லிட்டர் 70% தயாரிக்க வேண்டும் என்று வையுங்கள். 70-ஐ 95-ஆல் வகுத்தால் 737 மி.லி. மீதி 263 என்று கழித்துத் தண்ணீரை அளந்து ஊற்றினால் ஒரு லிட்டர் நிறையாது, செறிவும் 70-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். உண்மையில் 290-க்குச் சற்றுக் குறைவான தண்ணீர் பிடிக்கும். ஆனால் அந்த எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 737 மி.லி.யைப் பெரிய அளவுருளையில் எடுத்து, ஒரு லிட்டர் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விட வேண்டும். எத்தனாலும் தண்ணீரும் சேரும்போது சூடாகும். சூடு தணிந்ததும் கோடு வரை நிரப்பினால் கணக்கு தானே சரியாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கைதுடைப்புக் கரைசலுக்கான செய்முறையும் இப்படித்தான்: 96% எத்தனால் 8333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரால் 145 மி.லி., பிறகு பத்து லிட்டர் கோடு வரை தண்ணீர். தண்ணீருக்கு எண்ணே கொடுத்திருக்க மாட்டார்கள். 8333-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 8000, அதாவது பத்து லிட்டரில் 80%. அக்கா மகளையே இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அடர் அமிலம். இதில் சதவீதம் என்ற சொல்லே ஏமாற்றும். பாட்டிலில் 37% ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இருந்தால் அது எடைக்கு எடை: 100 கிராம் திரவத்தில் 37 கிராம். 100 மி.லி.யில் 37 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 10 மோலார், அதாவது லிட்டருக்கு 10 மோல், என்று தப்பாக வரும். அந்தத் திரவத்தின் அடர்த்தி 1.19. ஒரு லிட்டர் 1190 கிராம் எடை இருக்கும், அதில் 37% என்றால் 440 கிராம். மூலக்கூறு எடை 36.5-ஆல் வகுத்தால் 12 மோலார். ஆறில் ஒரு பங்கு வித்தியாசம்! ஒரு லிட்டர் 1 மோலார் கரைசலுக்கு 83 மி.லி. எடுக்க வேண்டும். கந்தக அமிலம் 98%, அடர்த்தி 1.84, செறிவு 18.4 மோலார். அதில் ஒரு லிட்டர் 1 மோலாருக்கு 54 மி.லி. போதும். ப்ளீச் பாட்டிலின் சதவீதமும் சில நேரம் எடைக்கு எடைதான். ஆனால் அதன் அடர்த்தி 1.1-க்கும் குறைவு என்பதால் பிழை பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும், அதுவும் கரைசல் சற்றுக் கடுமையாகும் பக்கம். துடைப்பதற்கு அது பாதகமில்லை.

அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. இதைப் பள்ளியில் சொல்லித்தருவார்கள், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். மேலே தண்ணீரை ஊற்றினால் அது மிதந்து, அமிலத்தைத் தொடும் இடத்தில் கிளம்பும் சூட்டில் அங்கேயே கொதித்து அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கவைக்கும். அமிலத்தை மெதுவாகத் தண்ணீரில் விட்டால் அது கீழே இறங்கிக் கலக்கும், மொத்தத் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்ளும். வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பள்ளியிலும் ஆசிரியர் நீர்க்கச் செய்து தரும் 1 அல்லது 2 மோலார் கரைசலிலிருந்துதான் மாணவர்கள் ஆரம்பிப்பார்கள்.

அங்கிருந்து துல்லியமாக நீர்க்கச் செய்வது எப்படி என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்கிறேன். 25 கன செ.மீ. பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழல்), 250 கன செ.மீ. அளவுக் குடுவை. பிப்பெட்டை முதலில் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும், உள்ளே தண்ணீர்த் துளி இருந்தால் அது செறிவைக் குறைத்துவிடும். குடுவையை அப்படி அலசக்கூடாது, வடிநீரால் (காய்ச்சி வடித்த தண்ணீரால்) மட்டும். அதில் ஒட்டியிருக்கும் தண்ணீரால் கெடுதல் இல்லை, எப்படியும் தண்ணீர்தான் சேர்க்கப்போகிறோம். இந்த ஒரு வேறுபாடு புரிந்த பிள்ளைக்கு முழு விஷயமும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிப்பெட்டைக் கோட்டுக்கு மேலே இழுத்து, நுனியைக் கண்ணாடிச் சுவரில் தொட்டபடி கோட்டுக்கு இறக்க வேண்டும். குடுவையில் விட்டபின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது. அந்தத் துளியையும் கணக்கில் எடுத்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். குடுவையில் முக்கால் அளவு வடிநீர் சேர்த்துச் சுழற்றி, பிறகு கழுத்து வரை, கடைசியில் சொட்டுச் சொட்டாக. கண் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும், நீர்மட்டத்தின் குழிவின் அடி கோட்டைத் தொட வேண்டும். அப்புறம் மூடியை அழுத்திப் பிடித்துக் குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வெறுமனே குலுக்கினால் கழுத்தில் இருக்கும் தண்ணீர் கழுத்திலேயே நிற்கும். கவிழ்த்து நிமிர்த்தியபின் மட்டம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது போலத் தெரிந்தால் மேலே தண்ணீர் விடக்கூடாது. மூடியிலும் கழுத்திலும் ஒட்டியதுதான் அது, செறிவு மாறவில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. அளவுக் குடுவையின் மேல் 20 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அந்த வெப்பத்தில்தான் கோடு சரி. 20 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை 0.9982 கிராம், 30 டிகிரியில் 0.9957. அதாவது குளிர்சாதனம் இல்லாத அறையில் நிரப்பினால் கால் சதவீதம் வித்தியாசம் வரும். நல்ல தரமான குடுவையின் அனுமதிக்கப்பட்ட பிழையைவிட இது பெரிது. பள்ளிச் செய்முறைக்கு இது பொருட்டே இல்லை. மருந்து ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு அறையின் குளிர்சாதனமும் ஒரு அளவுகருவி மாதிரி முக்கியம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை உடனே அளப்பதும் இதே காரணத்தால் தப்பு.

மில்லியனில் ஒரு பங்கு வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு மைக்ரோலிட்டரை ஒரு லிட்டரில் விடுவது காகிதத்தில்தான் நடக்கும். அதனால் படிப்படியாகப் போக வேண்டும். 1 மி.லி. எடுத்து ஒரு சோதனைக் குழாயில் இருக்கும் 9 மி.லி. தண்ணீரில் விட்டால் பத்து மடங்கு. அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த குழாயின் 9 மி.லி.யில் விட்டால் நூறு மடங்கு. ஆறு குழாயில் பத்து லட்சம் மடங்கு. மடங்குகள் பெருகும், கூடாது. மூன்று பத்துமடங்குப் படிகள் சேர்ந்தால் ஆயிரம், முப்பது அல்ல. தயிரிலோ குளத்து நீரிலோ இருக்கும் பாக்டீரியாவை எண்ணுவதும் இப்படித்தான். ஐந்தாவது குழாயிலிருந்து 0.1 மி.லி.யை ஊட்டத் தட்டில் பரப்பி, மறுநாள் 84 புள்ளிகள் முளைத்திருந்தால், 84-ஐ 0.1-ஆல் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும்: மில்லிலிட்டருக்கு எட்டுக் கோடியே நாற்பது லட்சம். முப்பதிலிருந்து முந்நூறு வரை புள்ளிகள் இருக்கும் தட்டைத்தான் எண்ணுவார்கள். அதற்குக் கீழே தற்செயல் அதிகம், மேலே போனால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் படிமுறையில் ஒரு படியின் பிழை அடுத்த படிக்கும் போகும் என்பதுதான் சிக்கல். பிப்பெட் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் ஒரு சதவீதம் தவறினால் ஆறாவது குழாயில் ஆறு சதவீதம் தவறியிருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் பிப்பெட்டில் புதிய நுனி போட வேண்டும். பழைய நுனியின் வெளிப்பக்கம் ஒட்டிய ஒரு துளி முந்திய குழாயுடையது, அடுத்த குழாயைவிடப் பத்து மடங்குச் செறிவுள்ளது. ஒவ்வொரு குழாயையும் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் அடுத்ததற்கு எடுக்க வேண்டும். அக்கா மகளுக்கு இதைக் கண்ணால் காட்ட உணவு நிறம் போதும். சிவப்பு நிறத்தில் 1 மி.லி. எடுத்து ஆறு சின்னக் கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக நீர்க்கச் செய்யுங்கள். ஓரிடத்துக்கு மேல் நிறமே தெரியாது. ஆனால் கணக்குப்படி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் உங்களுக்குத் தேவைப்படும் கணக்கு: தவறாகக் கலந்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது. கடுமையாகிவிட்டால் சுலபம், இன்னும் தண்ணீர் சேர்க்கலாம். நீர்த்துப்போனால் தண்ணீரை வெளியே எடுக்க முடியாது, ப்ளீச்தான் சேர்க்க வேண்டும். பத்து லிட்டர் தொட்டியில் 500 பிபிஎம்தான் இருக்கிறது, 1000 வேண்டும் என்று வையுங்கள். குறைவது 500. சேர்க்கும் ப்ளீச் 50,000 பிபிஎம், ஆனால் அதுவும் கடைசியில் 1000-க்கு வந்து நிற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மில்லிலிட்டரும் 49,000 அளவுக்கு ஈடுகட்டும். 10,000 மி.லி. × 500-ஐ 49,000-ஆல் வகுத்தால் 102 மி.லி. இரண்டு வெவ்வேறு செறிவைக் கலந்து நடுவில் ஒன்று வேண்டும் என்றாலும் இதே வழிதான்: 95%-உம் 40%-உம் கலந்து 70% வேண்டுமானால், 70-இலிருந்து 40-ஐக் கழித்த 30 பங்கு 95%-லிருந்து, 95-இலிருந்து 70-ஐக் கழித்த 25 பங்கு 40%-லிருந்து. விடை வந்ததும் ஒவ்வொரு பங்கையும் அதனதன் செறிவால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பங்கால் வகுத்து 70 வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கோ பங்கை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

கலந்த வாளியிலும் தெளிப்பான் பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: என்ன திரவம், எத்தனை பிபிஎம், கலந்த தேதியும் நேரமும், கலந்தவர் பெயர். அடுத்த முறை சப்ளையர் 5.25%-க்குப் பதில் 12% பாட்டிலைக் கொண்டுவந்து இறக்கினால், சுவரில் இருக்கும் 1:49 தாளை அன்றே எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். பாட்டிலின் 12% கிடைக்கும் குளோரின் கணக்கில் இருந்தால் ஐந்து லிட்டருக்கு 42 மி.லி. போதும். குவளையில் இருக்கும் பழைய கோட்டையும் அழித்துவிட்டுப் புதுக் கோடு போட வேண்டும்.